பொறி வைத்தவன் எதிரே இருக்கிறான்

கடல் தண்ணீரில் விளக்கெரிக்கிற வற்றாப்பளை அம்மன் மேல் ஆணையாகச் சொல்லுகிறேன், இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. குறைத்ததுண்டு. குறைக்காவிட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தண்ணீரூற்றுச் சந்தியில் விசாரித்தால், நல்லதம்பியர் வாய் திறந்தால் பொய் என்று என்னைப் பற்றிச் சொல்லுவார்கள். சந்தியில் நிற்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. முந்தின மாரியில் என் வீட்டுக் கிணற்றுக்குள் ஒரு முதலை விழுந்ததையும், அதற்கு நான் கருவாட்டுத்தலை போட்டு வளர்த்ததையும், கோடை வந்ததும் கழுத்தில் கயிறு கட்டிக் குளத்துக்கு நடத்திக்கொண்டுபோய் விட்டதையும் அவர்கள் நம்பவில்லை. முதலைக்கு நன்றி இருக்கிறது. இன்றைக்கும் குளக்கட்டில் என்னைக் கண்டால் வாலை ஒதுக்கி வழிவிடும். அது போகட்டும். நான் சொல்ல வந்தது, சுதாகரன் என்கிற ஓட்டோக்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் கண் முன்னால் சுண்ணாம்புக் குழிக்குள் விழுந்து, கரைந்துபோய், பிறகு தேத்தண்ணி கேட்ட கதை.

அன்றைக்கு நான் இர்ஷாத்தின் போட்டோக்கொப்பிக் கடைக்கு அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கப் போயிருந்தேன். முன்னால் ஒருவரும் இல்லை. பின்னறையிலிருந்து "ஐயோ, கால் போச்சு, இடுப்பும் போகுது" என்று சுதாகரனின் குரல் கேட்டது. நான் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினால், அவன் கதிரையில் கால்மேல் கால் போட்டபடி இருக்கிறான். எதிரே இர்ஷாத், மழை நிலவரம் வாசிக்கிறவன் மாதிரி, "இப்ப நெஞ்சு வரைக்கும் சுண்ணாம்பு வந்திட்டுது. கை மட்டும்தான் வெளியில தெரியுது. கையும் போயிட்டுது. மோதிரம் மிதக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சுதாகரன் ஒரு பெருமூச்சு விட்டான். "சரி, செத்துப்போனன்," என்றான். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, ஒரு தேத்தண்ணி," என்று இர்ஷாத்தின் தாயைக் கூப்பிட்டான். அவனுடைய முகத்தைப் பார்த்தேன். இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு சந்தோசமான முகத்தை நான் கல்யாண வீட்டிலும் கண்டதில்லை.

விளையாட்டை எனக்கு விளங்கப்படுத்தினார்கள். மேசையில் கட்டம் போட்ட கடதாசி ஒன்று. இர்ஷாத்துக்கு முன்னால், நாங்கள் எட்டிப் பார்க்காதபடி, ஒரு பிஸ்கட் பெட்டி மட்டை மறைப்பாக நிற்கும். அவன் சொல்லுவான், நாங்கள் கேட்போம். முன்னால் ஒரு கதவு என்பான், என்ன செய்கிறீர்கள் என்பான். நாங்கள் வாயால் சொன்னதைச் செய்ததாகக் கணக்கு. ஆபத்து வந்தால் கட்டை உருட்ட வேண்டும். தாயக்கட்டை மாதிரி இல்லை. நெல்லிக்காய் அளவில், இருபது முகத்தோடு, சிவப்பாக ஒன்று. கொழும்பில் கொம்பியூட்டர் வேலை செய்த காலத்தில் இர்ஷாத் வாங்கிவந்தது, அது ஒன்றுதான் இருந்தது. பதினொன்றோ மேலேயோ விழுந்தால் தப்பினாய். பத்தோ கீழேயோ விழுந்தால் செத்தாய். செத்தால் புதுப் பெயரில் புது ஆள் ஒருவனை எழுதிக்கொண்டு அடுத்த கிழமை வரலாம். சுதாகரன் செத்துக்கொண்டே இருந்தபடியால், பெயர் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டு ஒரு கட்டுத் தாள் கொப்பி எடுத்து வைத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போய்க் கதிரையில் இருந்தேன். என்னுடைய முதல் ஆள் ஒரு கதவைத் தோளால் இடித்தான். உள்ளே குளவிக்கூடு. அவன் அந்த இடத்திலேயே முடிந்தான். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் என் தோள் வீங்கியிருந்தது. டிஸ்பென்சரியில் மருந்து கட்டுகிற பிள்ளை "என்ன கடிச்சது ஐயா?" என்று கேட்டது. "கடதாசி," என்றேன்.

இர்ஷாத் அதை நிலவறை என்று சொல்லுவான். ஒரு மன்னன் தன் பொருளை ஒளிக்கக் கட்டினதாம். உள்ளே இறங்கின ஒருத்தரும் திரும்பி வரக்கூடாது என்று அறைக்கு அறை பொறி வைத்தானாம். சுதாகரன் ஒரு நாளும் நிலவறை என்று சொன்னதில்லை. செல்லடிக்கு ஒளிக்கிற பதுங்குகுழியைச் சொல்லுகிற மாதிரி, "பங்கர்" என்பான்.

"இஞ்ச பாருங்கோ அப்பு," என்று என்னிடம் முறையிடுவான். "நாங்கள் பங்கருக்க இறங்கினாத் தப்பலாம் எண்டு பழகின சனம். உவன் என்னெண்டா பங்கருக்க இறங்கினாச் சாவு எண்டுறான். உவனை என்ன செய்யலாம்?"

"நான் இறங்கச் சொல்லிக் கேக்கலயே," என்பான் இர்ஷாத். "ஒவ்வொரு கிழமையும் நீங்கதானே வாறீங்க."

இர்ஷாத்தின் உம்மா மஸீனா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் வந்து நிற்பார். புத்தளத்தில் இருபது வருசத்துக்கு மேல் அகதியாக இருந்துவிட்டு, காடாகிக் கிடந்த வளவுக்குத் திரும்பி வந்து வீடு கட்டின மனுசி. மகன் வேலையை விட்டுவிட்டு வந்து கடை போட்டது அவருக்குச் சந்தோசம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச்சனத்தைக் கூட்டிவைத்துக் கொல்லுவதுதான் விளங்கவில்லை. "இண்டைக்கு யாரு மௌத்து?" என்று கேட்பார். சுதாகரன் கையை உயர்த்துவான். "போன கிழமையும் நீதானே மகன்? சீனி போடவா?" "செத்தவனுக்கு ரெண்டு கரண்டி போடுங்கோ அம்மா," என்பான்.

நான்காவது ஆள் நாகேஸ்வரி. அவரைப் பற்றித்தான் இந்தக் கதை. நாற்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு, கதிரையில் முதுகு சாயாமல் இருப்பார். சண்டை முடிந்த பிறகு மிதிவெடி எடுக்கிற வேலைக்குப் பெண்களைச் சேர்த்தபோது முதல் தொகுதியில் போனவர். முகமாலை வெட்டைவெளியில் முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்டுக்கொண்டு, முழங்காலில் இருந்து, நிலத்தைச் சாண் சாணாகக் கம்பியால் தொட்டுப் பார்த்து வருசக்கணக்காகச் சம்பளம் எடுத்தவர். அந்த வேலை இப்போது குறைந்துவிட்டது. வாரநாளில் தையல். ஞாயிற்றுக்கிழமையில் நிலவறை. ஒரு பெண்பிள்ளை இத்தனை வருசம் உண்மையான வெடியைத் தோண்டிவிட்டு, ஓய்வு நாளில் வந்து கடதாசிப் பொறிக்குள் கால் வைக்கிறதைக் கண்டு நான் திகைத்துப்போனேன்.

திகைத்தவன் நான் மட்டும் இல்லை. கொழும்பில் இர்ஷாத்தோடு விளையாடின பிள்ளைகள் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, கண்டதையெல்லாம் அள்ளுவார்களாம். அதை நம்பி அவன் முதல் அறையில் ஒரு பொன் கிண்ணம் வைத்தான். எடுத்தால் கூரையிலிருந்து ஈட்டி இறங்கும். ஒருவரும் எடுக்கவில்லை. அடுத்த அறையில் வெள்ளிக் கெண்டி. தொடவில்லை. அதற்கடுத்த அறையில் கல் இழைத்த ஒரு பொம்மையை வைத்து, அது சிரிக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். சுதாகரன் எழுந்து வாசலுக்கே போய்விட்டான்.

"ஏன் ஒருத்தரும் எடுக்கிறீங்க இல்ல?" இர்ஷாத்துக்கு அழுகை வராத குறை.

"ஆரோ விட்டிட்டுப் போன சாமான், தம்பி," என்றார் நாகேஸ்வரி. "வெறும் வீட்டுக்க கிடக்கிறதைத் தொடுறேல்ல."

மீளக் குடியேறி வந்த நாளில் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஊட்டின வசனம் அது. எங்களுக்கு அது விளையாட்டிலும் மறக்கவில்லை. மூன்று அறைப் பொறி வீணாய்ப் போனதில் இர்ஷாத் அன்று தேத்தண்ணி குடிக்கவில்லை. அதற்குப் பிறகு சுதாகரன் தன் ஆளின் வாளை விற்று ஒரு மாடு வாங்கினான். வெடி புதைந்த பற்றைக்குள் பாதை தெரியாவிட்டால் மாடு போன தடத்தில் போகிறதுதான் எங்கள் வழக்கம். நிலவறைக்குள் மாடு இறங்காது என்று இர்ஷாத் வாதாடினான். சுதாகரன், இறங்கும், எங்கள் மாடு பங்கருக்குள் இருந்தே பழகினது என்றான். அந்த மாடு நாலாவது அறையில் கன்று போட்டது. அடுத்த நாள் விடிய என் வீட்டு மாடு ஒரு போத்தல் பால் கூடக் கறந்தது. இதற்கு நான் என்ன செய்ய?

இனி விசயத்துக்கு வருகிறேன். நாகேஸ்வரி முதன்முதல் ஆள் எழுதின நாளில், என்ன வேலைக்காரன் என்று இர்ஷாத் கேட்டான். பொறி கண்டுபிடிக்கிறவன் என்றார். பெயர் என்றான். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "விஜிதரன்," என்றார்.

இர்ஷாத்தின் பேனை நின்றது. சுதாகரன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். விஜிதரன் அவருடைய தம்பி. சண்டையின் கடைசி நாளில் வட்டுவாகல் பாலத்தைச் சனம் நெருக்கிக்கொண்டு கடந்தபோது, அந்தக் கரையில் நாகேஸ்வரி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். இந்தக் கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், அவர் பிடித்திருந்தது வேறு யாரோ ஒரு பிள்ளையின் கை. அன்றைக்குப் பிறகு அந்தப் பெடியனைக் கண்டவர்கள் இல்லை. இது என்னுடைய கதை இல்லை, அதனால் இதை ஊரில் எல்லோரும் நம்புவார்கள்.

"விஜிதரன்," என்று இர்ஷாத் எழுதினான்.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. ஆனால் அன்று தொடக்கம் விஜிதரன் சாகக்கூடாது என்று எங்களுக்குள் முடிவாகிவிட்டது. அம்பு பறந்தால் சுதாகரனின் ஆள் குறுக்கே பாய்வான். தளம் பிளந்தால் என்னுடைய ஆள் முந்திக்கொண்டு விழுவான். நாங்கள் வெட்டுப்பட்டும் வெந்தும் நசுங்கியும் செத்தோம். நாகேஸ்வரி ஈர்க்குகளை முறித்து, நுனியில் சிவப்பு நகப்பூச்சுத் தடவி, பார்த்து முடித்த கட்டத்துக்கு வெறும் ஈர்க்கும் பாராத கட்டத்துக்குச் சிவப்பு ஈர்க்குமாகக் கடதாசியில் அடுக்கிக்கொண்டு, விஜிதரனை ஒரு முழம் ஒரு முழமாக உள்ளே கொண்டுபோனார். "முழங்காலில இருக்கிறான். கம்பியைச் சரிச்சுக் குத்துறான், நேராக் குத்தேல்ல," என்று சொல்லுவார். ஒரு நடையைக் கடக்க எங்களுக்கு ஒரு மாதம் போனது. மன்னன் உயிரோடு இருந்திருந்தால் அலுத்துப்போய்ப் பொருளைத் தானே கொண்டுவந்து தந்திருப்பான்.

ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். "பிள்ளை, உமக்கு இது போதும் போதும் எண்டு வரேல்லையோ? அங்கையும் வெடி, இஞ்சையும் வெடி."

"அங்க வைச்சவன் ஆரெண்டு தெரியாது அண்ணை. ஏன் இதில வைச்சான், எத்தினை வைச்சான், வைச்சிட்டு எங்க போனான், ஒண்டும் தெரியாது. செத்தும் போயிருப்பான். இஞ்ச வைச்சவர் எனக்கு முன்னால இருந்து முறுக்குச் சாப்பிடுறார். கேட்டால் மறுமொழி சொல்லுவார்."

இர்ஷாத் முறுக்கைக் கீழே வைத்துவிட்டான். "அடையாளம் இல்லாம நான் ஒரு பொறியும் வைக்கிறல்ல அக்கா," என்றான். "கல்லு ஈரமா இருக்கும், இல்லாட்டி ஒரு கீறல், ஒரு சத்தம். பாத்தாக் காணலாம். காண வழியில்லாத பொறி வைக்கிறது ஹராம்."

"அது போதும்," என்றார் நாகேஸ்வரி. "அப்பிடி ஒரு நிலத்தில நான் வேலை செய்ததே இல்லை."

ஆறாவது அறைக்குப் போகிற நடையில்தான் அது நடந்தது. நீளமான கல் பாவின நடை. விஜிதரன் முழங்காலில் இருந்து முழுத் தூரமும் பார்த்தான், போனான், திரும்பி வந்தான். ஈர்க்குகள் இரண்டு வரிசையாக நின்றன. "பாதை சரி. எல்லாரும் என்ர தடிக்குள்ளால வாங்கோ," என்றார் நாகேஸ்வரி. என்னுடைய ஆள் கடந்தான். "நடுவில ஒரு கல்லு கிறீச்செண்டுது," என்றான் இர்ஷாத். சுதாகரனின் ஆள் கடந்தான். "கல்லு இன்னொருக்கா கிறீச்செண்டுது." மாடும் கன்றும் கடந்தன. "கல்லு கொஞ்சம் பதியிது." நாங்கள் காதில் வாங்கவில்லை. ஏன் வாங்கப்போகிறோம்? ஒருத்தன் மிதித்து உயிரோடு போன இடம் எங்களுக்குக் கோயில் வீதி மாதிரி. அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்தால் வீட்டுக்குப் போகலாம். இந்த மண்ணில் நாங்கள் படித்த படிப்பு அது ஒன்றுதான், அதில் ஒருவரும் பெயில் விடவில்லை. மிதிக்க மிதிக்கத் தேய்ந்து, கடைசியாக வருகிறவனுக்கு வாய் திறக்கிற கல்லைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பாதை போட்டவர் எல்லோரையும் கடத்திவிட்டுக் கடைசியாக வருவது நாகேஸ்வரியின் வேலைப் பழக்கம். "விஜி வாறான்," என்றார்.

இர்ஷாத் மட்டைக்குப் பின்னால் தன் தாளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிப் போனதை நான் கண்டேன். எப்போதோ கொழும்புப் பிள்ளைகளுக்கென்று எழுதி வைத்த பொறி. யாருக்கு வாய் திறக்கும் என்று அவன் யோசித்திருக்கவில்லை. "அக்கா, கல்லு கீழ போகுது," என்றான். "உருட்டோணும்." மட்டைக்குப் பின்னால் கட்டை உருளும் சத்தம் கேட்டது. "பதினாறு! தப்பிட்டார்!" சுதாகரன் கை தட்டினான். நானும் தட்டினேன்.

நாகேஸ்வரி தட்டவில்லை. "கட்டை இன்னும் உருண்டுகொண்டிருக்கேக்கயே நீர் பதினாறு எண்டிட்டீர்," என்றார்.

"இல்லக்கா..."

"தம்பி, நான் காதாலயும் வேலை செய்த ஆள்."

முன் கடையில் யாரோ "கொப்பி எடுக்கலாமோ?" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எத்தினை நாளா?" என்று நாகேஸ்வரி கேட்டார். "அஞ்சாம் அறை அம்பு? அந்தத் தண்ணிக் கதவு? எல்லாம் உம்மட கையாலயோ?" இர்ஷாத் தலை குனிந்தான். "சுதாகரன், நீர் ஏன் குறுக்க பாயுறீர் எண்டு எனக்கு விளங்காதெண்டு நினைச்சீரோ? அண்ணை, நீங்கள் ஏன் முந்தி விழுறியள் எண்டு நான் காணேல்லையோ? அது பரவாயில்ல. நிக்கிறவன் குறுக்க பாயலாம். ஆனா கட்டை? கட்டையிலயும் பொய்யோ?"

"எனக்கு மனசு வரல்ல அக்கா," என்றான் இர்ஷாத். "அவர நான் எப்பிடி..."

"உம்மட மனசை நான் கேட்டனானோ?" அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "காணாமப்போன ஆக்களைப் பதியிற கந்தோருக்குப் போனா ரெண்டு கடதாசி வைச்சிருக்கினம். ஒண்டில செத்திட்டார் எண்டு எழுதித் தருவினம். மற்றதில காணேல்ல எண்டு எழுதித் தருவினம். எது வேணுமெண்டு நீங்களே சொல்லுங்கோ அம்மா எண்டினம். நான் சொல்லுறதோ? நான் என்னத்தைக் கண்டன், நான் சொல்லுறதுக்கு? எனக்கு ஆராவது சொல்லோணும். இஞ்சயாவது ஒருத்தர் சொல்லுவார் எண்டு வந்தன். பதினொண்டோ மேலயோ எண்டால் இருக்கிறான், கீழ எண்டால் இல்லை. அவ்வளவுதான் நான் கேட்டது. நீரும் என்னைப் பாத்து, உங்களுக்கு எது விருப்பம் அக்கா எண்டுறீர்."

தேத்தண்ணித் தட்டு ஆடுகிற சத்தம் கேட்டது. மஸீனா வாசலில் நின்றார். எப்போதிருந்து நின்றார் என்று தெரியாது. "மகன்," என்றார். "அவ கேக்கிறதக் குடு."

இர்ஷாத் மட்டையை மடித்துக் கீழே வைத்தான். கட்டையை எடுத்து நாகேஸ்வரியின் உள்ளங்கையில் வைத்தான். "நீங்களே உருட்டுங்க. பதினொண்டு." சுதாகரன், "அக்கா, வேண்டாம் அக்கா, அடுத்த கிழமை பாப்பம்," என்றான். ஒவ்வொரு கிழமையும் சிரித்துக்கொண்டு செத்தவன், கன்னம் நனைய இருந்தான். எனக்கும் ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. என் வாயில் ஒரு சொல்லும் இல்லை. இது நடந்தது என்று சந்தியில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அவர் கையை மூடிக்கொண்டார். பிறகு எறிந்தார். கட்டை மேசையில் விழுந்து, கடதாசியில் நின்ற ஈர்க்குகளைச் சிதறடித்து, விளிம்பில் ஒரு தரம் துள்ளிக் கீழே பாய்ந்தது. சீமெந்துத் தரையில் கடகடவென்று போன சத்தம் அலுமாரிப் பக்கமாக ஓய்ந்தது.

ஒருவரும் எழும்பவில்லை. சுதாகரன் மின்விசிறியைப் பார்த்தான். இர்ஷாத் தன் கையைப் பார்த்தான். மஸீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாகேஸ்வரி எழும்புவார் என்று இருந்தேன், அவரும் எழும்பவில்லை. கதிரையில் முதுகு சாயாமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "நல்லதம்பியண்ணை, நீங்கள் பாருங்கோ," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுதாகரனுக்கு அதைவிட. "இவரையோ?" என்றான். "அக்கா, இவர் முதலை வளத்தவர்!"

"ஓம். இவரைத்தான்."

நான் முழங்காலில் இருந்தேன், பிறகு வயிற்றில் படுத்தேன், கன்னத்தைச் சீமெந்தில் வைத்தேன். "தொடவேண்டாம் அண்ணை," என்று மேலே இருந்து அவருடைய குரல் வந்தது. "கிடக்கிறபடி பாத்துச் சொல்லுங்கோ." தரை குளிர்ந்தது. அலுமாரிக்குக் கீழே ஒரு பேனை மூடி கிடந்தது. கொப்பி மெசினில் இருந்து கொட்டின கறுப்புத் தூள் ஒரு கை அகலத்துக்குப் படிந்திருந்தது. பேரீச்சங்கொட்டை ஒன்று. யாரோ கொப்பி எடுக்கக் கொண்டுவந்து தவறவிட்ட பாஸ்போட் அளவுப் படம் ஒன்று, முகம் கீழாக. அதற்கு அந்தப்பக்கம், சுவரடியில், தரை கழுவுகிற தண்ணி வெளியே போகிற ஓட்டை, பக்கத்தில் ஒரு சிலந்தி. நான் எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்த்தேன்.

"பதினாலு," என்றேன்.

எழும்பி, வேட்டியில் ஒட்டின தூசியைத் தட்டினேன். நாகேஸ்வரி சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். முகமாலை வெட்டையில் நிலத்தைப் பார்த்த பார்வை அதுவாகத்தான் இருக்கவேண்டும். என் கண், என் வாய், தூசி படிந்த என் கன்னம் எல்லாவற்றையும் ஒரு சாண் ஒரு சாணாகப் பார்த்தார். நான் இமைக்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"பதினாலு."

சுதாகரன் அலுமாரிப் பக்கம் அசைந்தான். "இரும்," என்றார். "ஒருத்தரும் அதை எடுக்கவேண்டாம். விழுந்தபடி கிடக்கட்டும்." சிதறின ஈர்க்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சிவப்பு நுனியெல்லாம் ஒரு பக்கமாக வரும்படி தட்டி அடுக்கினார். "விஜி கடந்திட்டான்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு இர்ஷாத்தைப் பார்த்து, "அடுத்த கதவைச் சொல்லும், தம்பி."

இர்ஷாத் ஒரு தாளைக் கிழித்து ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் எழுதி, சுருட்டி, வெறும் பால்மாப் பேணிக்குள் போட்டுக் குலுக்கி மேசை நடுவில் வைத்தான். மட்டையைத் திரும்ப நிமிர்த்தவில்லை. "மரக் கதவு," என்றான். "கீழால தண்ணி கசியுது. அங்கால யாரோ நடக்கிற மாதிரிச் சத்தம் கேக்குது." நாகேஸ்வரி ஒரு சிவப்பு ஈர்க்கை எடுத்து, கதவுக்கு நேரே வைத்தார்.

கார்த்திகை மழை பிடித்த கிழமை, அந்த வீட்டுப் பின்பக்கம், கிணற்றடிக்குப் போகிற வழியில் மஸீனாவின் கோழி கிளறிப்போட்ட சேற்றுக்குள் சிவப்புக் கட்டை கிடந்தது.